ஒய்.பி. நல்லவர்தான், கட்சி எதற்கு?

கேள்வி: எங்கள் ஊரில் லோங்காங் (சாக்கடை) அடைத்துக்கொண்டால் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரான ஒய்.பி.யைக் கூப்பிடுகிறோம், கோயில் மண்டபத்துக்கு மானியம் என்றாலும் அவரைத்தான் தேடுகிறோம். அவ்வளவு நெருக்கமான ஆள், நாடாளுமன்றத்தில் மட்டும் கட்சி கைதூக்கச் சொன்னால் தூக்குகிறார். மறுத்தால் பதவியே போய்விடுமாம். கட்சிகளை ஒழித்துவிட்டு 222 தொகுதிகளுக்கும் நல்ல மனிதர்களைச் சுயேச்சையாக அனுப்பினால் என்ன? அடுத்த தேர்தலில் என் வாக்கு சுயேச்சைக்குத்தான்.
(தோட்டத்தில் பிறந்து வளர்ந்த வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: நீங்கள் தமிழ்நாட்டுச் செய்திச் சேனல்களை அதிகம் பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போவது இந்தியாவில். அங்கே 1985-இல் வந்த பத்தாவது அட்டவணை அப்படிச் சொல்கிறது. நம் மலேசியாவில் கட்சித் தாவல் தடை 2022 அக்டோபர் 5-ஆம் தேதி நடப்புக்கு வந்தது, அரசியலமைப்பின் 49ஏ பிரிவாக. அதன்படி கட்சியின் பேரில் வென்றவர் அதை விட்டு விலகினால்தான் இடம் காலியாகும். கட்சி ஒருவரை நீக்கினாலும் அவர் மக்களவை உறுப்பினராகவே இருப்பார். எதிர்த்து வாக்களித்தார் என்பதற்காக யாருடைய நாற்காலியையும் அந்தச் சட்டம் பறிக்காது.

தூரத்து உதாரணம் வேண்டாம், உங்கள் பக்கத்துத் தொகுதி கோலகங்சாரையே பாருங்கள். அங்கே வென்ற, எதிர்க்கட்சியான பெர்சத்துவின் உறுப்பினர் உட்பட அக்கட்சியின் 6 பேர் பிரதமர் அன்வாருக்கு ஆதரவு தெரிவித்தார்கள். கட்சி தன் விதிகளைத் திருத்தி, இவர்களின் உறுப்பியம் முடிந்தது, இடங்களைக் காலி என்று அறிவியுங்கள் என்று கேட்டது. காலியாகவில்லை என்று 2024-இல் மக்களவைத் தலைவர் முடிவு சொல்லிவிட்டார். ஆகவே உங்கள் ஒய்.பி. கைதூக்குவது சட்டத்துக்குப் பயந்து அல்ல. எதற்குப் பயந்து என்பதற்குப் பிறகு வருகிறேன், அதில் உங்களுக்கும் பங்கிருக்கிறது.

நல்ல மனிதரை மட்டும் பார்த்து வாக்களிப்போம் என்கிறீர்கள். சுங்கை சிப்புட்காரர் இதைச் சொல்வதுதான் எனக்கு ஆச்சரியம். 1959 முதல் 1974 வரை துன் சம்பந்தன், பிறகு 2008 வரை சாமிவேலு என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு மஇகா (மலேசிய இந்திய காங்கிரஸ்) தலைவர்களையே அனுப்பிய தொகுதி அது. 2008 மார்ச்சில் அந்தக் கோட்டையைச் சாய்த்தவர் டாக்டர் ஜெயகுமார் தேவராஜ். தோட்டத் தொழிலாளர் பிரச்சினைக்காகப் பல காலம் உழைத்தவர், எளிமையானவர், எதிரிகளும் குறை சொல்லத் தயங்குகிற ஆள். அவருடைய மலேசிய சோசலிசக் கட்சிக்கு அப்போது பதிவே கிடைத்திருக்கவில்லை. அன்வாரின் கட்சியான பிகேஆரின் சின்னத்தில் நின்றார், வென்றார். 2013-லும் அதே சின்னம், அதே வெற்றி. 2018-இல் தன் சொந்தக் கட்சிச் சின்னத்தில், கூட்டணிக்கு வெளியே நின்றார். வைப்புத்தொகைகூடத் திரும்பவில்லை. அதாவது பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கைக்கூட உங்கள் ஊர் அவருக்குக் கொடுக்கவில்லை.

அவர் பத்து ஆண்டுகளில் கெட்டவராகிவிட்டாரா? இல்லை. நன்றி கெட்ட ஊர் என்றும் நான் சொல்லமாட்டேன். 2018 மே மாதம் உங்கள் ஊர்க்காரர்கள் அரசாங்கத்தை மாற்ற நினைத்தார்கள். அதற்கு எந்தச் சின்னத்தில் போட்டால் கணக்கு சேரும் என்று பார்த்துப் போட்டார்கள். மனிதருக்காக வருத்தப்பட்டிருப்பார்கள், ஆனாலும் வாக்கு போன இடம் வேறு. நாடாளுமன்ற ஆட்சி முறையை நம் சனங்கள் எவ்வளவு துல்லியமாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சரி, சுயேச்சை ஜெயித்ததே இல்லையா? ஜெயித்தார். அதே 2018-இல் கோலாலம்பூரில் 'பத்து' என்ற பெயருள்ள தொகுதியில் பி. பிரபாகரன், வயது 22. ஆனால் எப்படி? பிகேஆர் வேட்பாளர் தியான் சுவாவின் மனு நிராகரிக்கப்பட்டது. கட்சி தன் ஆதரவைப் பிரபாகரனுக்குத் திருப்பிவிட்டது. வென்ற கையோடு அவர் பிகேஆரில் சேர்ந்தார். சீட்டில் சுயேச்சை, ஓட்டில் கட்சி.

நீங்கள் கேட்கிற கட்சியற்ற நாடாளுமன்றம் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யவும் தேவையில்லை. 2020 பிப்ரவரியில் கிட்டத்தட்ட அதைப் பார்த்தோம். அரசியலமைப்பின் 43-ஆவது பிரிவு, மக்களவையில் பெரும்பான்மையோரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று மாமன்னர் கருதும் உறுப்பினரைப் பிரதமராக நியமிக்கச் சொல்கிறது. கட்சி என்ற சொல்லே அந்தப் பிரிவில் கிடையாது. வழக்கமாகக் கட்சிகள் இருப்பதால் தேர்தல் இரவே கணக்கு தெரிந்துவிடும். ஆட்சியை மாற்ற நடந்த ஷெரட்டன் ஹோட்டல் கூட்டத்துக்குப் பிறகு கட்சிக் கோடுகள் கலைந்தன, பிரதமர் டாக்டர் மகாதீர் பதவி விலகினார், பெரும்பான்மைக்கு வேண்டிய 112 பேர் யாருக்கு இருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை. மாமன்னர் மக்களவை உறுப்பினர்களை ஒவ்வொருவராக அரண்மனைக்கு அழைத்துக் கேட்க வேண்டியதாயிற்று. உள்ளே யார் என்ன சொன்னார்கள் என்று அவர்களுக்கு வாக்களித்தவர்களுக்குத் தெரியாது. மார்ச் 1-ஆம் தேதி முகிடின் யாசின் பதவியேற்றார். 2018-இல் வாக்களித்த எத்தனை பேர் அப்படி ஒரு அரசாங்கத்தை மனத்தில் வைத்துச் சீட்டில் குறி போட்டார்கள்?

222 சுயேச்சைகள் என்றால் இந்தக் கூத்து ஐந்தாண்டுக்கு ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் நடக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு விலை. காசாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, தொகுதிக்கு ஒரு பாலமாகவும் இருக்கலாம்.

உங்கள் வயிற்றுப்பாட்டு விஷயத்துக்கே வருகிறேன். தோட்டத் தொழிலாளர்க்கு நிலையான மாதச் சம்பளம் வேண்டும் என்று எத்தனை காலம் கேட்டோம்! தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் 2011-இல் வந்தது, அதன் பேரில் 2013-இல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. 2025 பிப்ரவரியிலிருந்து 1,700. இது போதுமா என்பது வேறு சண்டை. ஆனால் இதை நிறைவேற்ற அமைச்சரவை வேண்டும், இரு அவைகளிலும் பெரும்பான்மை வேண்டும், முதலாளிகள் முணுமுணுக்கும்போது ஒன்றாக நிற்கிற கூட்டம் வேண்டும். தனி மனிதர் அவையில் உருக்கமாகப் பேசலாம். மக்களவையில் அரசாங்க அலுவலுக்குத்தான் முன்னுரிமை என்பதால் அவர் கொண்டுவரும் மசோதா வரிசையிலேயே நின்றுகொண்டிருக்கும். தொகை போதவில்லை என்றால் இன்று ஆளும் கட்சியைத் திட்டலாம், அடுத்த தேர்தலில் தண்டிக்கலாம். 222 சுயேச்சைகளில் யாரைத் திட்டுவீர்கள்? ஒவ்வொருவரும் "நான் கேட்டேன், மற்றவர்கள் தரவில்லை" என்பார்.

எதிர்க்கட்சிக்கும் இதே கதைதான். 2021 செப்டம்பர் 13-இல் இஸ்மாயில் சப்ரி அரசாங்கமும் எதிர்க்கட்சிக் கூட்டணியான பக்காத்தான் ஹராப்பானும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்ட அந்தத் தாவல் தடைச் சட்டமே அதில் ஒப்புக்கொண்ட சீர்திருத்தங்களில் ஒன்று. தன் பின்னால் இத்தனை உறுப்பினர்கள் நிற்பார்கள் என்று சொல்ல முடிந்த தலைவர்களால்தான் அப்படிக் கையெழுத்துப் போட முடிந்தது.

இப்போது அந்தப் பயத்துக்கு வருகிறேன். உங்கள் ஒய்.பி. அஞ்சுவது அடுத்த தேர்தலில் வேட்பாளர் பட்டியலில் தன் பெயர் இருக்குமா என்பதற்கு. பெரும்பாலும் அந்தப் பட்டியலைக் கட்சித் தலைமை முடிவு செய்கிறது. எந்தத் தொகுதி யாருக்கு என்பதைக் கூட்டணிகள் பேசி முடிக்கின்றன. தொகுதியில் இருக்கும் சாதாரண உறுப்பினரை யாரும் கேட்பதில்லை. வியாதி அங்கேதான் இருக்கிறது, கட்சி இருப்பதில் அல்ல. ஒருவரின் எதிர்காலம் தலைவரின் கையெழுத்தில் இருந்தால் அவர் தலைவரைத்தான் பார்ப்பார். உங்கள் தொகுதி உறுப்பினர்கள் வாக்களித்து வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தால் அவர் திரும்பி உங்களையும் பார்க்க வேண்டிவரும்.

அதற்கு உறுப்பினர்கள் வேண்டுமே, ஐயா! நம் ஊர்க் கிளைக் கூட்டங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆண்டுக் கூட்டத்துக்கு வந்து மீகூன் சாப்பிட்டுவிட்டு, தீர்மானம் வாசிக்கும்போது மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடுகிற ஆட்கள்தான் அதிகம். ஒய்.பி.யை லோங்காங்குக்குக் கூப்பிடுகிறீர்கள். அது நகராண்மைக் கழகத்தின் வேலை. அவரை அழைத்து, பட்ஜெட்டில் எதை ஆதரித்தீர்கள், ஏன் என்று யாராவது கேட்டீர்களா? கேட்கப் பழகுங்கள். கட்சியில் சேரப் பிடித்தால் சேர்ந்து சண்டை போடுங்கள். பிடிக்காவிட்டால் வெளியே நின்று நச்சரியுங்கள், அதுவும் வேலை செய்யும்.

அப்புறம் உங்கள் சுயேச்சை வாக்கு. போடுங்கள், உரிமை உங்களுடையது. ஆனால் ஒன்று: சுயேச்சையாக வென்றவர் பிறகு கட்சியில் சேர்ந்தால் அவருடைய இடமும் காலியாகும் என்று அதே 49ஏ சொல்கிறது. பிரபாகரனின் 'பத்து' தொகுதியில் 2018-இல் நடந்தது இனி இடைத்தேர்தல் இல்லாமல் நடக்காது. அதனால் உங்கள் வேட்பாளர் வாக்குக் கேட்டு வரும்போது, யாரைப் பிரதமராக ஆதரிப்பார், யாருடைய பட்ஜெட்டுக்குக் கைதூக்குவார் என்று கேளுங்கள். "நிலைமையைப் பார்த்து" என்று இழுத்தாரானால், அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.