சுவாதீன அறிவிப்பு ஒட்டப்பட்ட வீடு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கதவில் வங்கி, வீட்டைத் தன் வசம் எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் சுவாதீன அறிவிப்பை ஒட்டியிருக்கிறது. ‘விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா?’ என்று எல்லோரும் பேசுகிறார்கள். அந்தக் குடும்பத்தினர் வெளியே தலைகாட்டுவதே இல்லை. கடன் கட்டாதவர்களைக் குறை சொல்வதில் என்ன தவறு?
- வாசகி, ஈரோடு

பதில்: வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், தவணை தவறியவர்கள் அனைவரும் ஊதாரிகள் என்று முடிவுகட்டுவது அநியாயம். 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி (வங்கிகளுக்கு அது தரும் கடனுக்கான வட்டி), 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமாக உயர்ந்தது. அதையொட்டி மாறும் வட்டியில் 20 ஆண்டுகளுக்கு 30 லட்சம் ரூபாய் கடன் வாங்கியவருக்கு 7 சதவீத வட்டி 9.5 ஆனால், சுமார் 23,260 ரூபாய்த் தவணை சுமார் 27,960 ரூபாயாகிவிடும். கடன் புதிதாக இருக்கும்போது பழைய தவணை அந்த மாத வட்டிக்குக்கூடப் போதாது. இதில் அவர் செய்த ஆடம்பரம் என்ன? வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தாலோ வேலை போனாலோ நிலைமை இன்னும் மோசமாகும்.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. அடமானச் சொத்தை வங்கி நீதிமன்ற வழக்கின்றியே எடுத்து விற்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் நாள் கணக்கில் நகர்வது. தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையானால் அது வாராக்கடன். பிறகு 60 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் வரும். அதற்கு ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். சுவாதீனம் எடுத்த பின் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிட 45 நாள்கள் உண்டு. ஏல அறிவிப்பு வெளியாகும் முன் முழு நிலுவையையும் செலவுகளையும் செலுத்தினால் வீட்டை மீட்கலாம். ஊர் வாய்க்குப் பயந்து வந்த நோட்டீஸைப் பீரோவில் ஒளித்துவைக்கும் குடும்பம் இழப்பது இந்த நாள்களைத்தான். நீங்கள் அவர்கள் வீட்டுக்குச் சென்று, அறிவிப்பில் உள்ள தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி கிடைக்கும். அந்த வீட்டுப் பெண்மணியுடன் நீங்களும் துணைக்குப் போகலாம்.

கேள்வி: வீடு ஏலம் போனால் கடன் தீர்ந்துவிடும் என்கிறார்களே?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. ஏலத் தொகை போதாவிட்டால், மீதிக்காக வங்கி தீர்ப்பாயத்தை நாடலாம். கடனும் செலவுகளும் போகப் பணம் மிஞ்சினால், வேறு யாருக்கும் அதில் உரிமை இல்லாத நிலையில், அது கடன் வாங்கியவருக்கே சேரும். ஆகவே வீட்டைக் காலி செய்பவர்கள் புதிய முகவரியை வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, ஏலக் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும்.