பயிற்சியில் வரும் ஷாட் போட்டியில் ஏன் வருவதில்லை?

விளையாட்டு உளவியல்: வாசகர் கேள்வி, நிபுணர் குழுவின் பதில்

கேள்வி: பாட்மின்டன் ஆடுகிறேன். பயிற்சியில் என் ஷார்ட் சர்வீஸ் சுத்தமாக விழும். போட்டியில் 18–18 என்று வந்துவிட்டால் கை இறுகி, ஷட்டில் நெட்டில் போய் முட்டுகிறது. கோச் ‘ரிலாக்ஸாக ஆடு’ என்கிறார். அது எப்படி என்றுதான் தெரியவில்லை.

பதில்: உங்கள் சர்வீஸில் குறையில்லை. கவனம் போகிற இடம்தான் மாறிவிடுகிறது. ஆயிரக்கணக்கான முறை செய்து பழகிய அசைவை உடல் தானாகவே நடத்திக்கொள்ளும். புள்ளி முக்கியமாகத் தோன்றியதும், ‘மணிக்கட்டு சரியாக இருக்கிறதா, எவ்வளவு தள்ள வேண்டும்’ என்று நீங்கள் உள்ளே புகுந்து மேற்பார்வை பார்க்கத் தொடங்குகிறீர்கள். ஒரே வீச்சாக ஓட வேண்டிய அசைவு அப்போது துண்டு துண்டாக உடைகிறது. ‘ரிலாக்ஸ்’ என்ற சொல்லும் இதற்கு உதவாது. தோள் இறுகியிருக்கிறதா என்று மறுபடி உங்கள் உடம்பையே சோதிக்க வைக்கும்.

கவனத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். சர்வீஸுக்கு முன் எப்போதும் ஒரே வரிசை: ராக்கெட் கைப்பிடியை ஒருமுறை இறுக்கிப் பிடித்துத் தளர்த்துங்கள். மூக்கால் இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வாயால் விடுங்கள். ஒரு மூச்சு போதும். எங்கே போடுவது என்று முடிவெடுங்கள். நெட்டின் வெள்ளைப் பட்டையில் ஷட்டில் கடக்க வேண்டிய இடத்தைப் பாருங்கள். அடியுங்கள். எல்லாம் சேர்த்து ஆறேழு விநாடிக்குள் முடியட்டும். மிகவும் நீண்டால் அம்பயர் எச்சரிக்கலாம், சந்தேகம் நுழையவும் இடம் கிடைக்கும். கண்ணும் மனமும் கையில் இல்லாமல் ஷட்டில் போகும் பாதையில் இருக்க வேண்டும் என்பதே இதன் உயிர்.

இது பலருக்குப் பலிக்காமல் போவதற்குக் காரணங்கள் உண்டு. சிலர் போட்டியில் மட்டும் செய்வார்கள். பழகாத வரிசை தானே ஒரு புதுச் சுமையாகிவிடும். சிலர் முடிவெடுக்காமலே சர்வீஸைத் தொடங்கி, பாதி வழியில் மனம் மாறுவார்கள். சிலர் அதிர்ஷ்ட சாக்ஸ், கோட்டை மிதிக்காமல் நடப்பது என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். சாக்ஸ் காணாமல் போனால் நம்பிக்கையும் போய்விடும். வரிசையில் இருக்கும் ஒவ்வொன்றும் உங்கள் கைவசம் உள்ளதாக இருக்கட்டும்.

பயிற்சியிலும் நெருக்கடியைக் கொண்டுவர வேண்டும். 2001-இல் உளவியல் ஆய்வாளர்கள் சியான் பெய்லாக்கும் தாமஸ் காரும் கோல்ஃப் பட்டிங்கை (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அடி) வைத்து நடத்திய ஆய்வில், வீடியோ கேமரா தங்களைப் பதிவு செய்கிறது என்ற உணர்வோடு பழகியவர்கள் பின்னர் அழுத்தத்தில் தடுமாறவில்லை. ஆகவே பயிற்சி முடிவில், உடல் களைத்திருக்கும்போது, 18–18 என்று வைத்துக்கொண்டு பத்து சர்வீஸ் போடுங்கள். சக வீரர்கள் சுற்றி நின்று பார்க்கட்டும், ஒருவர் பதிவு செய்யட்டும். ஒவ்வொரு சர்வீஸுக்கும் முழு வரிசையையும் செய்யுங்கள், ஒன்றைக்கூடத் தாண்டாதீர்கள்.

கேள்வி: ஓட்டத்துக்கு முன் நெஞ்சு படபடக்கிறது, வயிறு கலங்குகிறது. இதை முழுவதும் ஒழிக்க முடியுமா?

பதில்: ஒழிக்கக் கூடாது. அந்தப் படபடப்பு, தசைகளுக்கு ரத்தமும் எரிபொருளும் அனுப்ப உடல் செய்யும் ஏற்பாடு. உளவியலாளர்கள் யெர்க்ஸும் டாட்சனும் 1908-இல் எலிகளை வைத்துச் செய்த ஆய்விலிருந்து வளர்ந்த கருத்து, தூண்டல் மிகக் குறைந்தாலும் மிக அதிகமானாலும் செயல் கெடும் என்பது. ஆனால் ‘நடுத்தரமே நல்லது’ என்று எல்லோருக்கும் ஒரே விதி வைப்பதை நாங்கள் ஏற்பதில்லை. விளையாட்டு உளவியலாளர் யூரி ஹானின் காட்டியபடி, ஒவ்வொருவரின் உகந்த நிலையும் வேறு. ஒருவர் அமைதியில் வேகமாக ஓடுவார், இன்னொருவர் பொங்கும் நிலையில்.

உங்கள் நிலையைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டுப் போதும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் பத்து நிமிடம் முன் படபடப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். பின்னால் ஓட்டத்தின் நேரத்தையும் எழுதுங்கள். பத்துப் பந்தயம் சேர்ந்ததும் மிக நல்ல மூன்றையும் மிக மோசமான மூன்றையும் ஒப்பிடுங்கள். உங்கள் நல்ல நாள் 7-இல் இருக்கிறது, இன்று 9 என்றால் மூச்சை மெதுவாக்குங்கள்: நான்கு விநாடி உள்ளே, ஆறு விநாடி வெளியே, மூன்று நிமிடம். 4 என்றால் துள்ளுங்கள், குறுகிய வேக ஓட்டங்கள் போடுங்கள். பயந்த மனத்திடம் ‘அமைதியாக இரு’ என்பதைவிட ‘உடம்பு தயாராகிவிட்டது’ என்று சொல்வது எளிதாக எடுபடும். துடிப்பு அப்படியே இருக்கும், அதற்கு நாம் தரும் பொருள்தான் மாறும்.

கேள்வி: நான் கிரிக்கெட் கோச். பையன்களைப் படுக்க வைத்து, கண்ணை மூடி ஆட்டத்தைக் கற்பனை செய்யச் சொல்கிறேன். பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள்.

பதில்: படுத்தால் தூக்கம்தான் வரும். மனக்காட்சிப் பயிற்சிக்கும் ஓய்வுப் பயிற்சிக்கும் வேலை வேறு. விளையாட்டு உளவியல் ஆய்வாளர்கள் ஹோம்ஸும் காலின்ஸும் 2001-இல் முன்வைத்த முறை, உண்மையான ஆட்டத்தோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறதோ அவ்வளவு பயன் என்கிறது. பேடு கட்டி, மட்டை பிடித்து, கிரீஸில் ஸ்டான்ஸ் எடுத்து நிற்கட்டும். கண் திறந்திருக்கலாம். தன் கண் வழியாகப் பார்க்க வேண்டும்: பந்துவீச்சாளர் ஓடி வருவது, பந்து கையை விடும் இடம், மட்டையில் படும் சத்தம், உள்ளங்கை அதிர்வு. ஷாட்டுக்கு நிஜத்தில் ஆகும் நேரமே மனத்திலும் ஆக வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், வாரம் மூன்று நாள் போதும். மனக்காட்சியில் அவுட் ஆகிக்கொண்டே இருக்கும் பையனிடம், மெதுவான பந்தையும் எளிதான ஷாட்டையும் கொடுத்துத் தொடங்குங்கள். கோப்பை வாங்குவதைக் கற்பனை செய்வது உற்சாகம் தரலாம், அதனால் கவர் டிரைவ் திருந்தாது.

கேள்வி: 11 வயது மகள் நீச்சல் போட்டியில் தோற்றால் அழுதுவிடுகிறாள். வீடு திரும்பும் வழியெல்லாம் தவறுகளை எடுத்துச் சொல்கிறேன். கேட்பதே இல்லை.

பதில்: அந்த நேரத்தில் சொல்லாதீர்கள், அம்மா. அழுகை அடங்காத குழந்தையின் காதில் திருத்தம் எதுவும் ஏறாது, அம்மாவின் பாசம் தான் நீந்தி முடித்த நேரத்தைப் பொறுத்தது என்ற எண்ணம்தான் ஏறும். சாப்பிடக் கொடுங்கள், அணைத்துக்கொள்ளுங்கள், அவளாகப் பேசினால் கேளுங்கள். நுட்பத்தைத் திருத்துவது கோச்சின் வேலை. மறுநாள் வேண்டுமானால், ‘எது நன்றாக வந்தது, அடுத்த வாரம் எதைப் பழகப் போகிறாய்’ என்று இரண்டே கேள்வி. இலக்கும் அவள் கையில் இருப்பதாக அமையட்டும். முதலிடம் என்பது பக்கத்து லேன்களையும் பொறுத்தது. ‘ஒவ்வொரு டர்னுக்குப் பிறகும் முதல் ஸ்ட்ரோக்கில் மூச்செடுக்க மாட்டேன்’ என்பது அவளை மட்டும் பொறுத்தது.

கேள்வி: முழங்கால் தசைநார் அறுவைக்குப் பின் மருத்துவர் ஆடலாம் என்றார். வலி இல்லை. ஆனாலும் அந்தக் காலை ஊன்றித் திரும்பப் பயம்.

பதில்: உடலும் மனமும் ஒரே நாளில் தேறுவதில்லை. தயங்கித் தயங்கி ஆடுவதே ஆபத்து, ஏனெனில் எடை மறுகாலுக்குச் சாய்ந்து அசைவு கோணலாகும். பயம் தரும் அசைவுகளை ஏணிபோல வரிசைப்படுத்துங்கள்: மெதுவாக நேராக ஓடுவது, வேகத்தைக் குறைத்து நிற்பது, தெரிந்த திசையில் திரும்புவது, கோச் திடீரென்று காட்டும் திசையில் திரும்புவது, எதிராளியோடு ஆடுவது, கடைசியாகப் போட்டி. ஒவ்வொன்றிலும் பயம் பத்துக்கு மூன்றாக இறங்கிய பிறகே அடுத்தது. ஏறிய பிறகு பயம் கூடினால் ஒரு படி இறங்குங்கள். பிசியோதெரபிஸ்ட்டுக்கும் இந்தப் பட்டியலைக் காட்டுங்கள்.

கேள்வி: அணியின் உளவியலாளரிடம் சொன்னதை கோச்சிடம் போட்டுக் கொடுத்துவிடுவாரா?

பதில்: முதல் சந்திப்பிலேயே நேராகக் கேளுங்கள்: எது ரகசியம், எது கோச்சுக்குப் போகும், எதை எழுதி வைப்பீர்கள்? நீங்கள் பயிற்சிக்கு வந்தீர்களா என்பது போன்ற தகவல் போகலாம். பேசியதன் உள்ளடக்கம் உங்கள் சம்மதமின்றிப் போகக் கூடாது. உயிருக்கு ஆபத்து, சிறார் மீதான வன்முறை ஆகியவை விதிவிலக்கு. தெளிவான பதில் வராவிட்டால் வெளியிலிருந்து வேறொருவரைத் தேடுங்கள். தூக்கம், பசி, ஆட்டத்தின் மீது ஆசை மூன்றும் இரண்டு வாரமாகக் குறைந்தே இருந்தால், விளையாட்டு உளவியலாளர் மட்டும் போதாது. மனநல மருத்துவரையும் பாருங்கள். உயிரை விடத் தோன்றினால் அன்றே.