பொங்கலும் நகர்கிறது

கேள்வி: தைப்பூசம் 2024-இல் ஜனவரி 25 அன்றும், 2025-இல் பிப்ரவரி 11 அன்றும் வந்தது. பக்கத்து வீட்டு பாய் கொண்டாடும் ரம்ஜானும் ஆண்டுதோறும் முன்னதாகவே வந்துவிடுகிறது. பொங்கல் மட்டும் ஜனவரி 14, 15-ஐ விட்டு அசைவதில்லையே, ஏன்?
(வாசகி, சென்னிமலை)

பதில்: மூன்று நாள்களும் வானத்தில் வெவ்வேறு அடையாளங்களைப் பார்த்துக் குறிக்கப்படுபவை. பொங்கலுக்குச் சூரியன் மகர ராசிக்குள் நுழைந்தால் போதும். சந்திரன் அன்று எங்கிருந்தாலும் கணக்கில் வராது. இஸ்லாமிய நாட்காட்டி பிறையை மட்டுமே பின்பற்றுவது. அதன் 12 மாதங்களும் சேர்ந்து 354 அல்லது 355 நாள்களே என்பதால், ரம்ஜான் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முந்தி, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. பிறையைப் பின்பற்றும் யூதர்களோ 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்து, பண்டிகைகள் பருவம் தவறாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

தைப்பூசத்தில் இரு கணக்கும் கூடுகின்றன. தை சூரியனின் மாதம். பூசம் சந்திரன் சேரும் நட்சத்திரம். தையில் சூரியன் மகரத்தில் இருக்க, அதற்கு நேர் எதிரே கடகத்திலுள்ள பூசத்தைச் சந்திரன் அடையும்போது அது முழுநிலவாகவோ அதை ஒட்டியோ இருக்கும். பழனிக்குக் காவடி எடுத்து இரவில் நடப்பவர்களுக்கு நிலவு வழித்துணையாக வருவது இதனால்தான். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

ஆனால், பொங்கல் அசைவதே இல்லை என்று கொள்ள வேண்டாம். விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12, அவ்வாண்டின் மகர சங்கராந்தி நாள். ஆங்கில நாட்காட்டி பருவங்களை ஒட்டியும், நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை ஒட்டியும் ஆண்டை அளக்கின்றன. வேகம் குறைந்த பம்பரம் தலையாட்டுவதுபோலப் பூமியின் அச்சு மிக மெதுவாகச் சுழல்வதால், நட்சத்திர ஆண்டு பருவ ஆண்டைவிட ஏறத்தாழ 20 நிமிடம் நீளமானது. அது சேர்ந்து சேர்ந்து அறுபது, எழுபது ஆண்டுகளில் ஒரு நாளாகிறது. உத்தராயணத் தொடக்கம் என்று பொங்கலைச் சொல்கிறோம். சூரியன் வடக்கே திரும்புவதோ டிசம்பர் 21, 22-இலேயே நடந்துவிடுகிறது. இந்த இடைவெளியைப் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஆனிக்கு 32 நாள், மார்கழிக்கு 29 நாள் என்று வருவது எப்படி?
(வாசகர், பவானி)

பதில்: சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலமே நமக்கு மாதம். பூமி ஜூலைத் தொடக்கத்தில் சூரியனுக்கு மிகத் தொலைவில் மெதுவாகவும், ஜனவரித் தொடக்கத்தில் மிக அருகில் விரைவாகவும் செல்வதால் ஆனி நீள்கிறது, மார்கழி குறுகுகிறது. ஆடிப்பெருக்கும் இதே சூரியக் கணக்கில் வருவதால்தான், கூடுதுறையில் நீங்கள் காவிரியை வணங்கும் ஆடி 18 எப்போதும் ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் அமைகிறது.