சுத்தமும் நல்ல சாப்பாடும் வந்ததால்தானே நோய்கள் குறைந்தன, தடுப்பூசிக்கு ஏன் இவ்வளவு பெருமை?

கைக்குழந்தை இருக்கிறது, யாரோ வாட்ஸப்பில் வீடியோ அனுப்பியிருக்கிறார்கள், அதைப் பார்த்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு எழுபதுகளின் கடைசியில், வியாசர்பாடியில், ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம், அதாவது போலியோ, வந்தது. அதனால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

முதலில் காய்ச்சல். தெருமுனை டாக்டர் இடுப்பில் ஊசி போட்டார், மறுநாள் வலது கால் துவண்டுவிட்டது. அம்மா இன்றைக்கும் அந்த டாக்டரைத்தான் திட்டுவார். போலியோ கிருமி உடம்பில் இருக்கும்போது அப்படி ஊசி போட்டால் அந்தக் கால் விழ வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான், ஆனால் கிருமி முன்பே உள்ளே வந்தாயிற்றே. சொட்டு மருந்து அப்போது எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. பிறகு காலைத் தாங்கிப் பிடிக்க இரும்புக் காலிப்பர், தோல் பட்டை, முட்டியில் பூட்டு. வகுப்பில் எழுந்து நின்றால் 'டக்'கென்று பூட்டு விழும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

சுத்தம் என்கிறீர்களே, போலியோவில் கதையே தலைகீழ். முன்பெல்லாம் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்போதே, கைக்குழந்தையாக இருக்கையில் கிருமி வந்து போய்விடும். அமெரிக்காவில் ஊர் சுத்தமான பிறகு வளர்ந்த பிள்ளைகளைப் பிடித்தது. 1952-ல் மட்டும் கிட்டத்தட்ட 58,000 பேர். 1955-ல் சால்க் என்பவர் கண்டுபிடித்த போலியோ தடுப்பூசி வந்த பிறகுதான் மளமளவென்று இறங்கியது.

இந்தியாவில் 2009-ல் 741 பேர், 2010-ல் 42, 2011-ல் மேற்கு வங்கத்து ஹவுராவில் ஒரே ஒரு குழந்தை, அதோடு சரி. இரண்டே வருடத்தில், போலியோ அதிகம் இருந்த உத்தரப்பிரதேசத்துச் சாக்கடையெல்லாம் பன்னீராகிவிட்டதா என்ன? 2010-ல் புதுச் சொட்டு மருந்து வந்தது, மருந்து கொடுத்த குழந்தையின் சுண்டு விரலில் மை வைத்துக்கொண்டே வீடுவீடாக ஏறி இறங்கினார்கள்.

உடனே ஒருவர் வருவார், சொட்டு மருந்தாலேயே வாதம் வருமே என்று. வரும், அதில் இருப்பது பலவீனமாக்கிய போலியோ கிருமிதான், ஆனால் பல லட்சத்தில் ஒருவருக்கு. அதற்காகத்தான் 2016-ல் இரண்டாம் வகைக் கிருமியைச் சொட்டு மருந்திலிருந்து எடுத்தார்கள், ஊசியையும் சேர்த்துப் போடுகிறார்கள். சுத்தம் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை, காலரா குறைந்ததில் நல்ல தண்ணீருக்குப் பெரிய பங்கு உண்டு.

  

சரி, உங்கள் விஷயம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி, காசு கிடையாது. அட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள், நேரமானால் கூட்டம் சேர்ந்துவிடும்.