ஐம்பது பேர் சேர்ந்து ரிப்போர்ட் அடித்தால்?

கேள்வி: என் தங்கையின் (வயது 20) முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி, போலிக் கணக்கில் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தான் ஒருவன். நண்பர்கள் ஐம்பது பேர் ரிப்போர்ட் அடித்தோம். கணக்கு காணாமல் போனது. இப்போது வேறு பெயரில் முளைத்திருக்கிறான். எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் படத்தைப் போட்டு ‘இவனைத் தெரியுமா?’ என்றும் கேட்டோம், பலனில்லை. 1930-ஐ அழைத்தால் பணம் போனதா என்கிறார்கள். இந்த நாட்டில் சட்டம் இருக்கிறதா, இல்லையா?

- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: இருக்கிறது. அது பாயக்கூடியவர்களில் நீங்களும் ஒருவர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு ஆபாசத்தை வெளியிட்டவனோடு, அதை மின்னணு வழியில் அனுப்பியவனையும் சேர்த்தே பிடிக்கிறது. முதல் தடவையே 3 ஆண்டு சிறை, 5 லட்சம் அபராதம் வரை போகும். ‘ஆளைப் பிடிக்கத்தான் அனுப்பினேன்’ என்பதற்கு அதில் விலக்கு கிடையாது. குழுக்களில் போட்டதை இன்றே அழியுங்கள், வாங்கியவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். உங்கள் போனில் உள்ள முதல் பிரதி மட்டும் இருக்கட்டும்.

ஐம்பது பேர் சேர்ந்தது வீண் வேலை. எத்தனை பேர் ரிப்போர்ட் செய்தார்கள் என்று பார்த்துப் பதிவை நீக்குவதில்லை என்று இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவே சொல்கிறது. ஒரு ரிப்போர்ட் போதும், சரியான காரணத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால். ‘ஸ்பேம்’ என்று அமுக்கினால் அது வேறு வரிசைக்குப் போய்விடும்.

நல்லவேளை, புதிய கணக்கு இன்னும் இருக்கிறது. அதன் மேல் கை வைப்பதற்கு முன் ஆதாரம் எடுங்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. காட்டும் பெயரை அவன் நிமிடத்தில் மாற்றிவிடுவான். கணக்கின் லிங்க், ஒவ்வொரு பதிவின் லிங்க் எல்லாவற்றையும் ‘காப்பி லிங்க்’ மூலம் எடுத்து, பார்த்த தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். கணக்குப் பக்கத்திலிருந்து பதிவு வரை போவதை ஸ்கிரீன் ரெக்கார்டு செய்யுங்கள். படத்தை வெட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பி மறுபடி இறக்காதீர்கள்: அது கோப்பைச் சுருக்கிவிடும், மூலத் தகவல்களும் போய்விடும். எடுத்த போனையும் மாற்றாதீர்கள். மின்னணு ஆதாரத்தோடு தர வேண்டிய பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் அந்தக் கருவியின் விவரமும் கோப்பின் ஹாஷ் எண்ணும் (கோப்பிலிருந்து கணக்கிடப்படும், அதன் கைரேகை போன்ற குறியீடு) கேட்கப்படும்.

மறைந்துபோன பழைய கணக்கின் லிங்க் நண்பர்கள் யாருடைய பிரவுசர் ஹிஸ்டரியிலாவது இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள்படி, நீக்கிய பதிவு, மூடிய கணக்கைத் தொடங்கும்போது கொடுத்த விவரங்கள் ஆகியவற்றை நிறுவனம் 180 நாள் வைத்திருக்க வேண்டும். போலீஸ் நோட்டீஸ் அதற்குள் போய்ச் சேர வேண்டும். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசிப் பார்ப்போம் என்று ஆறு மாதம் கடத்துகிறவர்கள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

1930 பண மோசடிக்கான எண். உங்களுக்கானது சைபர்கிரைம்.கவ்.இன் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள் பகுதி. ‘பெயர் சொல்லாமல்’ என்ற வழி வேண்டாம். புகார் என்ன ஆனது என்று பின்தொடர முடியாது. அங்கே பதிந்ததே எஃப்.ஐ.ஆர். ஆகிவிடாது. நகலோடு தங்கை காவல் நிலையம் போகட்டும். ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்ப முடியாது, எந்த நிலையத்திலும் பதியக்கூடிய பூஜ்ய எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவுகளை விசாரிக்க இன்ஸ்பெக்டருக்குக் குறையாத அதிகாரி வேண்டும் என்கிறது 78-ஆம் பிரிவு; எஸ்.ஐ. இழுத்தடித்தால் இதைச் சொல்லலாம்.

ஆதாரம் எடுத்தபின் நீக்கும் வேலை. நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள்; தங்கை சார்பில் நீங்களே எழுதலாம், விதி இடம் தருகிறது. மார்பிங், நிர்வாணப் படங்களுக்கு 2021-இல் வைத்த கெடு 24 மணி நேரம். பின்னர் அதையும் சுருக்கிவிட்டார்கள். பதில் திருப்தியில்லையா? 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் ஆன்லைனிலேயே போகலாம்.

அடுத்த போலிக் கணக்கை முந்திக்கொள்ள, சம்மதமின்றிப் பரவும் அந்தரங்கப் படங்களைத் தடுக்கும் ‘ஸ்டாப் என்சிஐஐ’ தளம் உண்டு. படம் உங்கள் போனை விட்டுப் போகாது, அதன் ஹாஷ் மட்டும் போகும். அதில் சேர்ந்த நிறுவனங்களின் தளங்களில் அதே படம் மறுபடி ஏறினால் மாட்டும். வெகுவாக வெட்டி மாற்றினால் தப்பிவிடும் என்பதால், கையில் உள்ள எல்லா வடிவங்களையும் தங்கை தன் கையாலேயே பதியட்டும். இது 18 வயது நிறைந்தவர்களுக்கு. அதற்குக் கீழ் என்றால் ‘டேக் இட் டவுன்’ என்ற தளம். வழக்கும் போக்சோவுக்குப் போய்விடும். சிறார் படம் என்றால் ஸ்கிரீன்ஷாட்கூட எடுக்காதீர்கள், லிங்கை மட்டும் குறித்துக் கொடுங்கள்.