தெருவிலிருந்து மீட்ட பூனைக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது, இனிக் குணமாகாது என்கிறார் மருத்துவர். கடைசி நாட்களில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

குணமாகாது என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. வலி, குமட்டல், உடல் வறட்சி மூன்றையும் கடைசிவரை குறைத்துக்கொண்டே இருக்கலாம். அதில் பெரும்பகுதி வீட்டில், உங்கள் கையால் நடக்க வேண்டியது.

எங்கள் செவலையும் தெருவிலிருந்து வந்தவன்தான், அவனுக்கும் சிறுநீரக நோய்தான். தெருவில் அடிபட்டு வளர்ந்த பூனை மனிதக் கையை நம்ப மாதக்கணக்கில் ஆகும். கடைசி நாட்களில் அந்த நம்பிக்கை கெட்டுவிடக் கூடாது; உங்களைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் ஓடும் நிலை வரவே கூடாது. நான் எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவு செய்தேன். அவன் தூங்கும் இடத்தில் மருந்து கொடுக்கவே மாட்டோம். அதற்கென்று வேறு ஒரு மூலை. வேலை முடிந்ததும் விட்டுவிடுவோம். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு போய், "இதில் இன்றைக்கு அவனுக்கு நிம்மதி தருவது எது, எதை நிறுத்தலாம்?" என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். பட்டியல் பாதியாகக் குறையக்கூடும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

சாப்பாடுதான் நம்மை அதிகம் அழவைக்கும். கிண்ணம்வரை வந்து, மோந்து பார்த்து, உதட்டை நக்கிவிட்டுத் திரும்பிப் போனால் அது அடம் இல்லை, குமட்டல். ரத்தத்தில் கழிவுகள் தேங்குவதால் வயிறு புரட்டும், வாயில் புண்ணும் வரும். மாரோபிடன்ட் போன்ற வாந்தித் தடுப்பு மருந்தும், பசியைத் தூண்டும் மிர்டசாபினும் பல பூனைகளுக்கு உதவுகின்றன. மிர்டசாபின், காதின் உட்புறம் தடவும் களிம்பாகவும் இருக்கிறது; மாத்திரை கொடுக்கும் சண்டை இருக்காது. பூனை மூக்கால்தான் சாப்பிடுகிறது என்றே சொல்லலாம், அதனால் உணவை உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி வையுங்கள். சிறுநீரகத்துக்கான தனி உணவை அது தொடவில்லை என்றால், இந்தக் கட்டத்தில் பிடித்ததையே கொடுக்க மருத்துவரும் பெரும்பாலும் சம்மதிப்பார். ஆனால் வாயைப் பிளந்து ஊட்டாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போகலாம், இருக்கிற கொஞ்ச ஆசையும் போய்விடும்.

தோலுக்கடியில் திரவம் ஏற்றுவதை வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொடுப்பார்கள். திரவப் பையைச் சிறிது நேரம் வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கினால் பூனை அவ்வளவு நெளியாது. ஏற்றிய பிறகு தோள்பட்டையில் தெரியும் வீக்கம் சில நேரம் முன்னங்காலுக்கு இறங்கும். பயப்பட வேண்டாம், சில மணி நேரத்தில் உடல் உறிஞ்சிக்கொள்ளும். தூங்கும்போது மூச்சை எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் திரவத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். இதயம் பலவீனமான பூனைக்கு இந்தத் திரவமே சுமையாகிவிடும்.

மற்றவை சின்ன விஷயங்கள்: விளிம்பு தாழ்ந்த மலத்தட்டு, படுக்கைக்குப் பக்கத்திலேயே தண்ணீர், வழுக்காத தரை. உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை அது நிறுத்தியிருக்கும். வெதுவெதுப்பான ஈரத்துணியால் முகத்தையும் பின்புறத்தையும், தாய்ப்பூனை நாக்கால் நக்குவதுபோல் சின்னச் சின்ன வீச்சாகத் துடைத்துவிடுங்கள். செவலை இதற்காகத் தாடையைத் தூக்கிக் காட்டுவான்.

வலியைப் பூனை மறைத்துவிடும். குறுகுறுவென்று சத்தம் போடுவதை நம்பாதீர்கள். வலியிலும் அப்படிச் செய்யும். முகத்தைப் பாருங்கள். மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட ஒரு முறையில் காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, மீசை, தலை வைத்திருக்கும் விதம் ஆகிய 5-க்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 4-ஐத் தொட்டால் வலி மருந்து தேவைப்படலாம். மனிதருக்கான மாத்திரையை மட்டும் தொடவே கூடாது. பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் போதிய சக்தி பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது. ஒரு மாத்திரையே உயிரைப் பறித்துவிடும்.

எப்போது விடைகொடுப்பது? அமெரிக்கக் கால்நடை மருத்துவர் அலீஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோல் எனக்கு உதவியது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற 7-க்கும் 10 வரை மதிப்பெண்; நிலை நன்றாக இருந்தால் அதிகம், வலிக்கும் அப்படித்தான். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். அதை அதிகம் பார்த்துக்கொள்பவர் அதிக மதிப்பெண் போட்டுவிடலாம், மனசு அப்படி. வாய் திறந்து மூச்சு வாங்கினாலோ வலிப்பு வந்தாலோ எந்த மதிப்பெண்ணுக்கும் காத்திருக்காதீர்கள்.

"தானாகத் தூக்கத்தில் போய்விடட்டும்" என்று பலரும் சொல்வார்கள். சிறுநீரக நோயில் அப்படி நடப்பது அரிது. வாந்தியும் வலிப்புமாக இழுத்துக்கொண்டு போகக்கூடும். அதனால் வலியில்லாமல் உயிர் பிரியவைக்க மருத்துவர் போடும் ஊசியை நான் கொலையாக நினைக்கவில்லை. முதலில் மயக்க மருந்து, அது ஆழ்ந்து தூங்கிய பிறகே கடைசி மருந்து. கண் மூடாமலே இருக்கலாம், சிறுநீர் கசியலாம், இதயம் நின்ற பிறகும் ஓரிரு மூச்சு வருவதுபோல் தெரியலாம். அப்போது அதற்கு எதுவும் தெரியாது. செவலைக்கு அவன் போர்வையிலேயே, என் மடியிலேயே செய்தார்கள்.

மருத்துவர் வீட்டுக்கு வருவாரா, இரவில் யாரைக் கூப்பிடுவது, அடக்கம் எங்கே என்பதையெல்லாம் இந்த வாரமே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள். அந்த நாளில் இதற்கெல்லாம் மனசு ஓடாது.