ஈரலில் ஒரு புள்ளி: நம்மூர்க்காரர் கேட்டதும் நான் சொன்னதும்

ஸ்கேன் அறை இருட்டிலேயே முப்பது வருடம் போய்விட்டது. ஓய்வு பெற்று திருகோணமலை உப்புவெளியில் கடற்காற்று வாங்கிக்கொண்டு இருக்கிறேன் என்று தெரிந்ததும், "டொக்டர், ரிப்போர்ட்டில் ஈரலில் கட்டி என்று எழுதியிருக்கிறது, ஒருக்கால் சொல்லுங்கோ" என்று ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கிவிட்டீர்கள். சரி, வந்த கேள்விகளுக்கு ஒரே இருப்பில் பதில் எழுதிவிடுகிறேன். உங்கள் படங்களை நான் பார்க்கவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

என் பழக்கம் ஒன்றையும் முதலிலேயே சொல்கிறேன். புள்ளியைப் பார்க்க முன் அந்த ஈரலின் சொந்தக்காரர் யார் என்று விசாரிப்பேன். வயல் செய்கிறவரா, கள்ளுக் குடிக்கிறவரா, கருத்தடை மாத்திரை எடுக்கிற பிள்ளையா? ஆளைப் பொறுத்து ஒரே வட்டத்துக்கு மூன்று பெயர் வரும்.

உப்புவெளியில் இருந்து ஒரு சகோதரி (38 வயது): பித்தப்பைக் கல்லுக்கு ஸ்கேன் செய்தபோது ஈரலில் 3.2 சென்ரிமீற்றர் வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தது. "ஹீமான்ஜியோமாவாக இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறார்கள். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டாமா?

வேண்டாம் தங்கச்சி. அது இரத்தக் குழாய்கள் பின்னிக்கொண்டு உருவாகிற கட்டி. ஈரலில் வரும் தீங்கில்லாத கட்டிகளில் இதுதான் மிகச் சாதாரணம், புற்றுநோயாக மாறுவதும் இல்லை. இரத்தம் நிறைந்த ஒன்றுக்குள் தேவையில்லாமல் ஊசி விடுவானேன்? சந்தேகம் தீர, நிறமருந்து ஏற்றிய சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. போதும். காய்ந்த வயலுக்குத் தண்ணீர் விட்டால் வரப்போரத்தில் திட்டுத்திட்டாகத் தேங்கி, மெதுவாக நடுவுக்கு வருமே, நிறமருந்து இந்தக் கட்டிக்குள் அப்படித்தான் நிரம்பும். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டால் வேறு சாட்சி தேவையில்லை.

ஏமாற்றுகிற இடங்களும் உண்டு. கொழுப்புப் படிந்த ஈரலில் இதே கட்டி கறுப்பாகத் தெரியும். மறுபக்கம், குடலில் இருந்து பரவும் சில புற்றுகள் வெள்ளையாகத் தெரிந்து நல்ல பிள்ளை போல நடிக்கும். அதனால் முன்பு புற்றுநோய் வந்தவரிடமும் ஈரல் இறுகியவரிடமும் (சிரோசிஸ்) "வெள்ளைதானே" என்று விட்டுவிடக் கூடாது. உங்களுக்கு இரண்டும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. வலி இருந்தால் அது பெரும்பாலும் கல்லின் வேலை. பாவம், புள்ளியைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

தம்பலகாமத்தில் இருந்து ஒரு மகன்: அப்பாவுக்கு 57 வயது, பத்து வருடமாகச் சீனி வருத்தம், வயல் செய்பவர். ஒரு மாதமாகக் காய்ச்சல், எட்டுக் கிலோ மெலிந்துவிட்டார். ஸ்கேனில் ஈரலிலும் மண்ணீரலிலும் நிறையப் புள்ளிகள். ஓரிடத்தில் காசம் என்றார்கள், இன்னோரிடத்தில் புற்றுநோய் பரவிவிட்டது என்றார்கள். வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டு இருக்கிறோம்.

அழுகையைக் கொஞ்சம் ஒத்தி வையுங்கள் தம்பி. நீங்கள் எழுதியதை வாசித்ததும் எனக்கு முதலில் வந்த பெயர் மெலியோய்டோசிஸ்.

இது மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் வாழும் ஒரு பக்ரீரியாவால் வருவது. பேர்கோல்டேரியா சூடோமாலை என்பது அதன் பெயர். காலில் ஒரு கீறல் போதும், உள்ளே போய்விடும். மூச்சு வழியாகவும் போகும். மாரி மழை தொடங்கி வயலுக்குள் இறங்கும் காலத்தில்தான் நோயாளிகள் கூடுவார்கள். சீனி வருத்தம் உள்ளவர்களை அது தேடிப் பிடிக்கும், சிறுநீரக நோயாளிகளையும் கடும் குடிகாரரையும் கூட. இலங்கையில் முதல் நோயாளி பதிவானது 1927இல். அதன்பின் நெடுங்காலம் நாங்கள் இதைப் பெரிதாகத் தேடவே இல்லை. தேடத் தொடங்கிய பிறகு வடக்கு, கிழக்கு உட்படப் பல மாவட்டங்களில் இருந்து வரிசையாக வந்தது. இல்லாமல் இருந்த நோய் அல்ல, எங்கள் கண்ணுக்குப் படாமல் இருந்த நோய்.

ஏன் தவறவிடுகிறோம்? படத்தில் அது பல வேடம் போடும். நுரையீரலில் வந்தால் காசம் மாதிரி. ஈரலில் சிறுசிறு அறைகளாகத் தேன்கூடு போல வரும். ஒழுங்கான ஸ்கேன் இல்லாவிட்டால் அதைப் புற்று என்று வாசிக்கலாம். இதை நான் அடித்துச் சொல்லக் காரணம், ஒருமுறை நானே அப்படி வாசித்தேன். பல வருடங்களுக்கு முன், வேறோர் ஊரில் வேலை செய்தபோது, இதே மாதிரி ஒரு விவசாயி. ஈரலிலும் மண்ணீரலிலும் கறுப்புப் புள்ளிகள். "பரவிய புற்றுநோய், தொடங்கிய இடம் தெரியவில்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வார்டில் இருந்த இளம் டொக்டர் ஒருவர் மனம் ஆறாமல் ஊசி போட்டுப் பார்த்தார். வந்தது சீழ். ஆய்வுகூடத்தில் வளர்ந்ததை "வெளியில் இருந்து கலந்த கிருமி" என்று முதலில் ஒதுக்கிவிட்டார்கள். இரண்டாம் முறையும் அதே கிருமி வளர்ந்தபோதுதான் உண்மை விளங்கியது. அந்த மனிதர் பிழைத்தார். அதற்குப் பிறகு மண்ணீரலில் புள்ளி கண்டால் தொழில் என்ன என்று கேட்காமல் நான் ரிப்போர்ட் எழுதியதில்லை.

ஆகவே நாளைக்கே போய் வைத்தியரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "அப்பா சேற்றில் வேலை செய்பவர், சீனி உள்ளவர், மெலியோய்டோசிஸ் பார்க்கலாமா?" இரத்தம், சிறுநீர், தொண்டைச் சளி, முடிந்தால் கட்டியின் சீழ், எல்லாவற்றையும் வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சந்தேகத்தை ஆய்வுகூடத்துக்கும் எழுதி அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் சூடோமோனாஸ் என்ற வேறு கிருமியாகப் பெயர் மாறிப் போகும். இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனை துணைக்கு உதவும். அதை மட்டும் வைத்து ஆம், இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

சிகிச்சை நீளமானது. செப்டாசிடிம் அல்லது மெரோபெனம் நரம்பு வழியாகக் குறைந்தது இரண்டு வாரம். ஈரல் போல ஆழமான இடத்தில் சீழ் இருந்தால் நான்கு வாரம், சிலவேளை அதற்கும் மேலே. அப்புறம் கோ-ட்ரைமொக்சசோல் மாத்திரை மூன்று மாதமாவது. வழமையாகப் போடும் ஜென்டாமைசின் பொதுவாக இந்தக் கிருமியை அசைக்காது. காய்ச்சல் விட்டதும் "சுகம்தானே" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் திரும்ப வார்டுக்கு வருகிறார்கள். அப்பாவை நிறுத்த விடாதீர்கள். இது புற்றுநோய் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், படம் என் கையில் இல்லை. ஆனால் சீழ் பார்க்காமல் புற்று என்று முடிவெடுப்பது நியாயம் இல்லை.

கிண்ணியாவில் இருந்து ஒருவர்: எங்கள் நானா (அண்ணன்) சவூதியில் ஆட்டுப் பண்ணையில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். ஈரலில் பெரிய நீர்க்கட்டி, உள்ளே குட்டிக் கட்டிகள். ஊசியால் தண்ணீரை உறிஞ்சி எடுத்தால் சரி என்று ஒருவர் சொல்கிறார். எடுக்கலாமா?

அவசரப்பட்டு எடுக்க விடாதீர்கள்! ஆடு, நாய், உள்ளே குட்டிகள் உள்ள நீர்க்கட்டி, இந்த மூன்றும் சேர்ந்தால் ஹைடாடிட் கட்டி என்றுதான் நினைக்க வேண்டும். நாயின் குடலில் இருக்கும் ஒரு சின்ன நாடாப்புழுவின் முட்டை மனிதன் வயிற்றுக்குள் போய், ஈரலில் வருடக்கணக்காக வளர்வது. மத்திய கிழக்கு நாடுகளில் இது உண்டு. முன்னேற்பாடு இல்லாமல் குத்தினால் உள்ளே இருக்கும் நீர் வயிற்றுக்குள் கசிந்து, ஒவ்வாமையில் இரத்த அழுத்தம் விழுந்து ஆள் சரிந்துவிடலாம். தப்பினாலும் வயிறு முழுக்கப் புதுக் கட்டிகள் முளைக்கலாம்.

முதலில் அல்பென்டசோல் தொடங்குவார்கள். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் நன்றாக உறிஞ்சப்படும். இடையிடையே இரத்தச் சோதனை தேவை. உள்ளே ஒற்றை அறையாக இருந்தால், மருந்துப் பாதுகாப்போடு உறிஞ்சி, கிருமி கொல்லும் திரவத்தை விட்டு, மறுபடி உறிஞ்சும் முறை இருக்கிறது. குட்டிக் கட்டிகள் நிறைய இருந்தால் அது அவ்வளவு சரிவராது, சத்திரசிகிச்சைதான் பெரும்பாலும். ஹைடாடிட் பார்க்கும் இரத்தச் சோதனை இல்லை என்று வந்தாலும் படத்தை நம்புங்கள். அப்புறம், நானாவோடு ஒரே சகன் தட்டில் சாப்பிடலாம், அவரிடம் இருந்து பிள்ளைகளுக்குத் தொற்றாது.

மூதூரில் இருந்து: எனக்கு ஈரலில் அமீபாச் சீழ்க்கட்டி என்று மருந்து தந்தார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் போய்விட்டது. ஆனால் ஆறு வாரம் கழித்தும் ஸ்கேனில் குழி இருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா?

வேலை செய்திருக்கிறது. கிருமி செத்தாலும் குழி தூர்ந்து மறைய மாதங்கள் எடுக்கும், சிலருக்கு ஒரு வருடம். காய்ச்சல், வலி, பசி, இந்த மூன்றையும் பாருங்கள். ஸ்கேனைத் துரத்த வேண்டாம். ஆனால் ஒன்று கேட்கிறேன்: மெட்ரோனிடசோல் முடிந்த பிறகு குடலைச் சுத்தம் செய்யும் இரண்டாவது மருந்து, டிலொக்சனைட், பத்து நாள் தந்தார்களா? அதை மறந்தால் குடலில் ஒளிந்திருக்கும் அமீபா மறுபடி ஈரலுக்கு ஏறலாம். மலத்தில் கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்தாலும் அந்த மருந்து தேவை.

அதே ஆள் மறுபடி: கள்ளுக் குடிப்பதாலா வந்தது?

யாழ்ப்பாணத்து நோயாளிகளில் பெரும்பாலோர் கள்ளுக் குடிக்கும் ஆண்கள் என்று அங்குள்ள வைத்தியர்கள் கவனித்திருக்கிறார்கள். கேள்வியில் நீங்களே பதிலையும் வைத்திருக்கிறீர்கள் போல இருக்கிறது.

நகரத்தில் இருந்து ஓர் ஆசிரியை (29 வயது): ஆறு வருடமாகக் கருத்தடை மாத்திரை. ஈரலில் 6 சென்ரிமீற்றர் கட்டி. "எஃப்.என்.எச். அல்லது அடினோமா" என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

இரண்டும் பெரும்பாலும் பெண்களில் வருவது, இரண்டும் நிறமருந்து ஏற்றியதும் பளிச்சென்று மின்னும். ஆனால் குணம் வேறு மகள். எஃப்.என்.எச். என்பது ஈரலின் சொந்தக் கலங்களே ஒழுங்கு தவறிக் கூடியது. நடுவில் பெரும்பாலும் நட்சத்திரம் போல ஒரு தழும்பு இருக்கும். அதை அப்படியே விட்டுவிடலாம். அடினோமா மாத்திரையின் ஹோர்மோனில் வளர்வது. 5 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் உள்ளே இரத்தம் கசியலாம், சில வகை புற்றாகவும் மாறலாம். பிரித்தறிய, ஈரல் கலங்கள் உறிஞ்சிக்கொள்ளும் விசேட நிறமருந்தோடு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். இருபது நிமிடம் கழித்து எஃப்.என்.எச். அந்த மருந்தைப் பிடித்து வைத்திருக்கும், அடினோமா பெரும்பாலும் கறுத்துப் போகும்.

அடினோமா என்று வந்தால் மாத்திரையை நிறுத்தி, எடை கூட இருந்தால் குறைத்து, ஆறு மாதத்தில் மறுபடி படம். அப்போதும் 5க்கு மேல் என்றால் வெட்டி எடுப்பது பற்றிப் பேசுவார்கள். கர்ப்பம் தரிக்க நினைத்தால் அதற்கு முன்பே இதை முடிவு செய்துகொள்ளுங்கள். ஜிம்முக்குப் போய்த் தசை வளர்க்க ஸ்டீரொயிட் ஊசி போடுகிற தம்பிமாருக்கும் இந்தக் கட்டி வரும். ஆண்களில் வந்தால் அளவு பார்க்காமல் எடுக்கச் சொல்வதுதான் வழமை.

நிலாவெளியில் இருந்து: கொழுப்பு ஈரல் உள்ளவன் நான். பித்தப்பைக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு திட்டு என்கிறார்கள்.

கொழுப்புப் படியாமல் தப்பிய ஒரு துண்டு ஈரலாக இருக்கலாம். அந்த இடத்தில் அது சாதாரணம். இரத்தக் குழாய்கள் வளையாமல் அதற்குள்ளால் நேரே போகின்றனவா என்று கேளுங்கள். போனால் நிம்மதியாக நடக்கத் தொடங்குங்கள், தினமும், கடற்கரையோரம்.

சாம்பல்தீவில் இருந்து ஒரு மருமகள்: மாமாவுக்குச் சாராயத்தால் ஈரல் இறுகிவிட்டது. 2.4 சென்ரிமீற்றர் கட்டி. ஏ.எஃப்.பி. (ஈரல் புற்றில் கூடக்கூடிய ஒரு புரதம்) இரத்தச் சோதனை சாதாரணம். ஆனாலும் புற்று என்கிறார்கள், சதை எடுத்துப் பார்க்கும் பயொப்சியும் செய்யவில்லை. சரியா?

சரியாக இருக்கலாம். இறுகிய ஈரலில் ஒரு கட்டி நிறமருந்து வந்தவுடன் மின்னி, சற்று நேரத்தில் சுற்றியுள்ள ஈரலை விடக் கறுத்துப் போனால், அந்தக் காட்சியே போதும் என்பது உலகம் முழுக்க ஏற்ற முறை. ஏ.எஃப்.பி. சாதாரணமாக இருந்தும் புற்று உள்ளவர்கள் நிறையப் பேர். இறுகாத ஈரல் என்றால் இந்த விதி பொருந்தாது, அங்கே சதை பார்க்கத்தான் வேண்டும்.

நல்ல செய்தி, கட்டி சின்னது. வெப்பத்தால் சுட்டு அழிக்கலாம், ஈரல் தாங்கினால் வெட்டலாம். தனிக் கட்டி 5 சென்ரிமீற்றருக்குள், அல்லது மூன்று கட்டி வரை ஒவ்வொன்றும் 3க்குள் என்றால் மாற்று ஈரலும் பேசலாம். 1996இல் மிலானில் வகுத்த அளவுகோல் அது. ராகமை போதனா வைத்தியசாலையில் ஈரல் மாற்றுச் சிகிச்சை நடக்கிறது, அங்கே அனுப்பலாமா என்று கேளுங்கள். மாமா சாராயத்தைத் தொடாமல் இருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். யார் அவருக்குச் சொல்வது என்பதை உங்கள் குடும்பம் முடிவு செய்யட்டும்.

கனடாவில் அக்கா இருக்கும் ஒருவர்: அக்காவுக்கு ஈரல் முழுக்கக் கட்டிகள். பரவிய புற்று என்று எல்லா இடமும் தேடினார்கள், தொடங்கிய இடம் கிடைக்கவில்லை. இப்போது பயொப்சியில் எபிதீலியொயிட் ஹீமான்ஜியோஎன்டோதீலியோமா என்று வந்திருக்கிறது. வாயிலேயே நுழையவில்லை.

எனக்கும் நாக்குச் சுளுக்கும். என் முழு வேலைக் காலத்திலும் இரண்டே இரண்டு பேரில்தான் பார்த்தேன். இரத்தக் குழாயின் உள்தோலில் இருந்து வரும் அரிய புற்று. ஈரலின் விளிம்போரமாக வந்து அதன் மேலுறையை உள்ளே இழுக்கும். ஓர் இரத்தக் குழாய் கட்டியின் ஓரத்தில் வந்து முடிவது குச்சி மிட்டாய் போலத் தெரியும். இதைப் பரவிய புற்று என்று வாசிப்பது எவருக்கும் நடக்கும். பெயர் மாறியதில் அக்காவுக்கு லாபம்தான்: சிலரில் இது மருந்தே இல்லாமல் வருடக்கணக்காக அசையாமல் இருக்கும், பல கட்டிகள் இருந்தாலும் மாற்று ஈரல் வைக்கலாம். சிலரில் வேகமாகவும் போகும். அதனால் உடனே மருந்தில் இறங்காமல், சில மாதம் விட்டு மறுபடி படம் எடுத்து வேகம் பார்ப்போம் என்று சொன்னால் கைவிட்டதாக நினைக்க வேண்டாம்.

குச்சவெளியில் இருந்து: கீழ்க்காய்நெல்லி குடித்தால் கட்டி கரையுமா?

கரைந்து நான் பார்த்ததில்லை. சீழ்க்கட்டியோடு மூன்று வாரம் கீழ்க்காய்நெல்லி குடித்துவிட்டு, கட்டி நெஞ்சுக்குள் உடைந்த பிறகு வந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, கந்தளாயில் இருந்து: அடுத்த கிழமை கொழும்புக்குப் பெரிய டொக்டரிடம் போகிறோம். என்ன கொண்டு போக வேண்டும்?

பழைய ஸ்கேன். எத்தனை வருடம் பழையது என்றாலும் சரி. ஐந்து வருடத்துக்கு முன் அதே இடத்தில் அதே அளவில் ஒரு புள்ளி இருந்திருந்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படம் உள்ள இறுவட்டும் வேண்டும். அலுமாரியில் சேலைக்கு அடியில் தேடுங்கள், எங்கள் வீடுகளில் அது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.